எழுபதாவது நிமிடம்

அல்சூர் ஏரியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது கௌதமபுரம். அங்கே நான்கு சிலைகள் நிற்கின்றன. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா, பெலே. முதல் மூவர் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஊர்ப் பெயரிலேயே கௌதமர் இருக்கிறார். அம்பேத்கர் சிலை இல்லாத தலித் குடியிருப்பை இந்தியாவில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏழைகளுக்காக உழைத்த தாயை ஏழைகள் நினைத்துக்கொள்வது இயல்பு. நான்காமவர்தான் புதியவரை நிறுத்திவைக்கிறார். சட்டம் எழுதாதவர், மதம் சொல்லாதவர், எத்தனையோ கடல் தாண்டிய பிரேசில்காரர். பந்தாடினார் என்ற ஒரே காரணத்துக்காக அந்த மூவரோடு நிற்கிறார். 2022 டிசம்பர் 29 அன்று அவர் இறந்த செய்தி வந்தபோது கௌதமபுரம் அதைத் தன் வீட்டுச் சாவாக எடுத்துக்கொண்டது.

பெங்களூரில் தமிழர்கள் அடர்ந்து வாழும் பழைய தண்டுப் பகுதி இது. பெரியவர்கள் இன்றும் ‘கன் ட்ரூப்ஸ்’ என்கிறார்கள். பீரங்கிப் படை தங்கியிருந்த காலத்துப் பெயர். 1809இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தார்கள். பட்டாளத்தைத் தொடர்ந்து வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் மதராஸ் மாகாணத்தின் பிற பகுதிகளிலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். குதிரை லாயம், சமையல்கட்டு, கட்டட வேலை, சலவை என்று பட்டாளத்துக்குத் தேவையான வேலைகள் எல்லாவற்றிலும் அவர்கள் கை இருந்தது. பட்டாளத்தார் மாலையில் பந்தாடினார்கள். வேலை முடித்த கூட்டம் வேலி ஓரமாக நின்று பார்த்தது. பார்த்தவர்களின் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். பட்டாளம் 1947இல் கப்பல் ஏறிவிட்டது, பந்து இங்கேயே தங்கிவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் மதராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவும் அதன் கால்பந்து அணியும் அந்தப் பழக்கத்தை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டன.

மழை இல்லாத எந்த மாலையில் போனாலும் அங்கே பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். தண்டுப் பகுதித் தமிழ் பந்தோடு சேர்ந்து உருளும். “மச்சா, தொட்டுக் குட்றா”, “டேய் கோலி, வெளியே வாடா”. கோல்காப்பவன் இந்த ஊரில் எப்போதும் ‘கோலி’தான். ஒரு காலில் மட்டும் ஷூ போட்டு ஆடுகிறவனைப் பார்க்கலாம். இன்னொரு கால் ஷூவை நண்பன் போட்டிருப்பான். ஒரு ஜோடியை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு கால் பலமாகும், அவ்வளவுதான் கணக்கு. பந்து சுவரைத் தாண்டிவிட்டால் ஆட்டம் நிற்கும். யாராவது ஒரு வீட்டு அக்கா திட்டிக்கொண்டே பந்தைத் திருப்பி எறிவார்.

இதே நகரத்தில், இதே மாலையில், சர்ச் ஸ்ட்ரீட்டிலும் இந்திராநகரிலும் இன்னொரு கால்பந்து நடக்கிறது. சனி, ஞாயிறுகளில் பெரிய திரைக்கு முன்னால் சிவப்பு ஜெர்சியும் வானநீல ஜெர்சியும் வெள்ளை ஜெர்சியும் நிரம்பிவிடும். மான்செஸ்டரையோ லிவர்பூலையோ நேரில் பார்க்காத இளைஞர்கள் அந்த ஊர்க் கிளப்புகளின் வரலாற்றை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். மான்செஸ்டர் சிட்டி ரசிகனிடம் ‘93 நிமிடம் 20 விநாடி’ என்று சொன்னால் போதும். 2012 மே 13, செர்ஜியோ அகுவேரோ, 44 வருடம் காத்திருந்து கிடைத்த லீக் பட்டம் என்று மீதியை அவன் சொல்லிவிடுவான். யுனைடெட் ரசிகனுக்கு 1999ஆம் ஆண்டு பார்சிலோனா இரவின் ‘இன்ஜுரி டைம்’ மனப்பாடம். ஒரு கோல் பின்தங்கியிருந்த அணி, ஷெரிங்கமும் சோல்ஷேரும் அடித்த இரண்டு கோல்களில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. லிவர்பூல் ரசிகனுக்கு 2005, இஸ்தான்புல். இடைவேளையில் மூன்று கோல் பின்னால், ஆறு நிமிடங்களுக்குள் மூன்றும் சமன்.

அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூரத்து ஊரின் மீது பிறக்கும் அன்பு, கௌதமபுரத்துக்குப் பெலே மீது பிறந்த அன்பின் வகைதான். யோசிக்க வைப்பது வேறு. ஒரு நொடியை எழுபது வருடம், நூறு வருடம் கெடாமல் வைத்திருக்கும் வித்தை அந்தக் கிளப்புகளுக்கு எப்படி வாய்த்தது?

ஓல்ட் டிராஃபோர்ட் மைதானச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதில் 1958 பிப்ரவரி 6 என்ற தேதியும் மியூனிக் என்ற ஊர்ப் பெயரும் எழுதியிருக்கும். பனி படிந்த ஓடுபாதையில் விமானம் விபத்துக்குள்ளாகி 23 பேர் இறந்த நாள். அவர்களில் எட்டுப் பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரும் கூட்டத்தில் பலர் அதைக் கடந்துதான் போகிறார்கள். அப்பன் பிள்ளைக்குக் காட்டுகிறான், பிள்ளை வளர்ந்து தன் பிள்ளைக்குக் காட்டுகிறான். கோலையும் சாவையும் எடுத்து வைக்க ஒரு வீடு, அந்த வீட்டுக்கு ஒரு வாரிசு. ஆங்கிலேயக் கிளப் என்பது முதன்மையாக இந்த ஏற்பாடுதான் என்று தோன்றுகிறது.

பெரிய கிளப்புகளுக்குப் பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. லண்டனின் கிழக்கோரத்தில் இல்ஃபோர்ட் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கிளப் 1881இல் தொடங்கியது. சம்பளம் வாங்காமல் ஆடியவர்களின் கிளப். 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு முறை இங்கிலாந்தின் அமெச்சூர் கோப்பையை வென்றது. பிறகு காலம் மாறியது. 1979இல் பக்கத்து லெய்டன்ஸ்டோன் கிளப்போடு இணைந்தது. இணைந்த கிளப் வால்தம்ஸ்டோவோடு சேர்ந்தது. அது 1992இல் டாகன்ஹாமோடு சேர்ந்து டாகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ் ஆனது. இன்று இல்ஃபோர்டின் அந்தப் பழைய கிளப் இல்லை. ஆனால் 1929இன் கோப்பை யாருடையது என்று கேட்டால் கை தூக்கி, எங்கள் முன்னோருடையது என்று சொல்ல ஒரு கிளப் இருக்கிறது.

அந்த இல்ஃபோர்டில்தான் பெங்களூர்க்காரர் ஒருவர், எந்த வீட்டுக்கும் சேராமல் போன ஒரு கோலை அடித்தார்.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக். விடுதலை பெற்று ஒரு வருடம்கூட முடியாத இந்தியா, பிரான்ஸோடு மோதியது. சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் அது. கேப்டன் நாகா மலைகளிலிருந்து வந்த டாக்டர் டாலிமெரன் ஆவ். பயணம் போன குழுவில் பெங்களூரை உள்ளடக்கிய மைசூரின் பெயர்கள் வரிசையாக இருந்தன: கோலி வரதராஜ், அஹமத் கான், தன்ராஜ், வஜ்ரவேலு, சாரங்கபாணி ராமன். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை 1946-47இல் வங்காளத்திடமிருந்து மைசூர் பறித்திருந்தது. தேர்வாளர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலில் ஆடினார்கள். சிலர் பாதத்தில் துணிக்கட்டு போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஏன் பூட்ஸ் போடுவதில்லை என்று ஆங்கிலேய நிருபர்கள் கேட்டபோது, எங்கள் நாட்டில் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால் என்று ஆவ் பதில் சொன்னதாகப் பேச்சு உண்டு. சிரிக்க வைக்கும் அந்தப் பதிலுக்குப் பின்னால் ஆட்டத்தின் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. வெறுங்கால் பந்தைத் தோலால் அறிகிறது. பந்து சுழல்கிறதா, நழுவுகிறதா, காற்று இறங்கியிருக்கிறதா என்று விரல்களுக்குத் தெரியும். நிறுத்தவும் திருப்பவும் பூட்ஸைவிட அரைக் கணம் குறைவாகவே எடுக்கும். காய்ந்த செம்மண்ணில் அது பெரிய பலம். ஈரப் புல்லில், ஆணி பதித்த பூட்ஸ்களுக்கு நடுவில், அதே பாதம் ஆபத்தில் இருக்கிறது. கௌதமபுரத்துப் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முப்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் முதல் கோல் அடித்தது. பிறகு இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. சைலன் மன்னா ஒன்றைத் தவறவிட்டார், மஹாபீர் பிரசாத் இன்னொன்றை. மன்னா இந்தியா கண்ட மிகச் சிறந்த பின்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர், மூன்று வருடம் கழித்து ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கேப்டன். அப்படிப்பட்டவருக்கும் அந்த நாளில் பந்து பணியவில்லை. இரண்டு பெனால்டி போன பிறகு வேறு அணியாக இருந்தால் தோள் தொங்கியிருக்கும். எழுபதாவது நிமிடத்தில் ராமன் சமன் செய்தார். ஒன்றுக்கு ஒன்று. பெரும்பாலும் வெறுங்காலில் ஆடிய ஒரு அணி, இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஐரோப்பாவின் பெரிய நாடு ஒன்றைத் திகைக்க வைத்து நின்றது. 89ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் அடித்துத் தப்பித்தது.

ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்து கோல் அது. சுதந்திர நாட்டின் முதல் கோல். பெங்களூரில் அதற்கு ஒரு கடிகாரம் இருக்க வேண்டும்; நியாயம் அது. ‘இல்ஃபோர்ட், 70ஆவது நிமிடம்’ என்று எழுதிய ஒரு கல்லாவது அசோக் நகர் கால்பந்து மைதான வாசலில் இருக்க வேண்டும். சர்ச் ஸ்ட்ரீட்டின் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞனிடம் ‘93:20’ என்றால் கண் மின்னுகிறது. ‘எழுபது’ என்றால் அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவன் மேல் தப்பில்லை. அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வீடு எது என்றே தீர்மானமாகவில்லை.

ராமனின் கோலுக்கு முன்பே பெங்களூர் இப்படி ஒன்றைச் செய்திருந்தது. பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை 1891இல் தொடங்கியது. நாற்பத்தைந்து வருடம் ஆங்கிலேயப் பட்டாள அணிகளே மாற்றி மாற்றி அதைத் தூக்கிக்கொண்டிருந்தன. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி அதை வென்றது. ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி. இறுதி ஆட்டத்தில் அவர்கள் தோற்கடித்தது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கல்கத்தா லீக்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத முகமதன் ஸ்போர்ட்டிங். அடுத்த வருடம் இறுதியில் வந்து நின்றது ஒரு ஸ்காட்லாந்துப் பட்டாள அணி. அதையும் வென்று கோப்பையை பெங்களூரிலேயே தக்கவைத்துக்கொண்டார்கள். 1948இல் மூன்றாவது முறை, இந்தத் தடவை மோகன் பகானைத் தோற்கடித்து.

மோகன் பகான் 1911இல் ஐஎஃப்ஏ ஷீல்டை வென்ற கதை வங்காளத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். ஜூலை 29 அங்கே மோகன் பகான் நாள். அந்த வெற்றிக்கு எந்த விதத்திலும் குறையாதது 1937. ஆனால் பெங்களூரில் அதற்கு ஒரு நாள் இல்லை. ரோவர்ஸ் கோப்பைப் போட்டியே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோய்விட்டது. வென்றவர்களையும் சொல்வாரில்லை, வென்ற கோப்பையும் இல்லை.

மறதி இங்கிலாந்திலும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே 1937-38இல் இஸ்லிங்டன் கொரிந்தியன்ஸ் என்ற லண்டன் அமெச்சூர் கிளப் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பியது. எட்டு மாதத்தில் தொண்ணூற்றைந்து ஆட்டங்கள். இந்தியாவில் ஊர் ஊராக ஆடினார்கள், ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றார்கள். தோற்கடித்தது டாக்காவின் உள்ளூர் அணி. ஊர் திரும்பி இரண்டு வருடத்தில், போர்க்காலத்தில், அந்தக் கிளப் கலைந்துபோனது. வாரிசு என்று எந்தக் கிளப்பும் வரவில்லை. உலகம் சுற்றிய பயணத்தை இன்று ஆய்வாளர்கள்தான் தூசி தட்டி எடுக்கிறார்கள். எந்த நாட்டுக் கோலாக இருந்தாலும் வீடு இல்லாவிட்டால் தெருவில்தான் கிடக்கும்.

பெங்களூரின் நினைவு கலைந்ததற்கு இன்னொரு காரணம், ஆட்டக்காரர்கள் ஊரைவிட்டுப் போனது. இந்தியக் கால்பந்தின் சம்பளமும் கூட்டமும் கல்கத்தாவில் இருந்தன. மதராஸ் போய், அங்கிருந்து ஹவுரா மெயிலில் ஏறினால் வாழ்க்கை. அஹமத் கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்கால் போனார்கள். வெங்கடேஷ், அப்பா ராவ், சாலே ஆகியோரோடு சேர்ந்து ‘பஞ்ச பாண்டவர்’ என்று வங்காளம் அவர்களைக் கொண்டாடியது. ஐந்து பேருமே தென்னாட்டிலிருந்து போனவர்கள். 1949இல் கல்கத்தா லீக், ஐஎஃப்ஏ ஷீல்ட், ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஈஸ்ட் பெங்கால் ஒரே வருடத்தில் வென்றது அந்த ஐவரின் கால்களால். பின்னால் அருமைநாயகம் பெங்களூரிலிருந்து மோகன் பகானுக்குப் போய், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பிடித்தார். அருமைநாயகம் என்ற முழுத் தமிழ்ப் பெயரை கல்கத்தா மைதானத்துக் கூட்டம் ஆசையோடு ‘அருமை’ என்று கூப்பிட்டது.

அஹமத் கானைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பாம்பாட்டி என்று அவருக்குப் பட்டப்பெயர். மகுடிக்குப் பாம்பு ஆடுவதுபோல் அவர் வெறுங்காலுக்குப் பந்து ஆடியது என்பார்கள். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா பத்துக்கு ஒன்று என்று தோற்றது. குளிரில் விறைத்த வெறுங்கால்களோடு ஆடிய ஆட்டம். அந்த ஒன்றை ஆட்டம் முடியும் நேரத்தில் அடித்தவர் அஹமத் கான். பத்து கோல் பின்னால் இருக்கும்போது, ஜெயிக்க வழியே இல்லாதபோது, கோலை நோக்கி ஓடிய அந்த ஓட்டத்தில்தான் அந்த மனிதர் யார் என்பது தெரிகிறது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமானது. ஆகவே வெறுங்கால் இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோலும் ஒரு பெங்களூர்க்காரருடையது. அந்த யுகத்தின் முதல் கோல் ராமனுடையது, கடைசி கோல் அஹமத் கானுடையது.

கல்கத்தாவில் பத்து வருடம் கொண்டாடப்பட்டவர், ஆட்டம் முடிந்ததும் பெங்களூர் திரும்பி அமைதியாக வாழ்ந்தார். 2017 ஆகஸ்டில், தொண்ணூறு வயதில், இங்கேயே இறந்தார். ஈஸ்ட் பெங்கால் அவரைத் தன் மகனாக நினைவு வைத்திருக்கிறது. சொந்த ஊருக்கு அவர் யாருடைய மகன்?

ஊரிலேயே தங்கியவர்களை ஆலைகள் காப்பாற்றின. ஐடிஐ, எச்ஏஎல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, குவார்ட்டர்ஸ், காலை ஷிப்டில் சலுகை, மாலையில் பிராக்டீஸ். கௌதமபுரம், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் வீடுகளில் கால்பந்து என்றால் கனவு என்பதைவிட முதலில் மாதச் சம்பளம். பிள்ளை பந்தாடப் போகிறான் என்று அம்மாக்கள் கவலைப்படாத ஊர் இந்தியாவில் அபூர்வம். பெங்களூரின் இந்தத் தெருக்கள் அப்படி இருந்தன. 1967-68, 1968-69 என்று தொடர்ந்து இரண்டு சந்தோஷ் டிராபியை மைசூர் வென்றது, இரண்டு முறையும் வங்காளத்தை இறுதியில் வீழ்த்தி. பிறகு ஆலைகளில் ஆள் எடுப்பது குறைந்தது. ஆலை அணி ஆலையின் உடம்பை ஒட்டியே வாழும். ஆலை இளைத்தால் அணியும் இளைக்கும். 2011-12இல் ஐ-லீகின் கடைசி இடத்தில் முடித்து எச்ஏஎல் கீழே இறங்கியது. நாட்டின் முதல் பிரிவில் பெங்களூருக்கு அணியே இல்லாமல் போனது.

அந்த இடைவெளியில்தான், 2013 ஜூலையில், பெங்களூரு எஃப்சி பிறந்தது. ஜேஎஸ்டபிள்யூ நிறுவனம் தொடங்கிய அந்தக் கிளப் முதல் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது ஆஷ்லி வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயரை. மான்செஸ்டர் யுனைடெட்டின் இளையோர் அணியில் வளர்ந்தவர். சாப்பாடு, தூக்கம், எடை, ஓட்டம் எல்லாவற்றையும் கணக்கெழுதும் பழக்கத்தை அவர் கொண்டுவந்தார். முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம். அசோக் நகர் மைதானத்தில், மேற்குப் பக்கத்து ‘வெஸ்ட் பிளாக்’ படிக்கட்டில், தொண்ணூறு நிமிடமும் உட்காராமல் பாடும் ஒரு கூட்டம் உருவானது. இங்கிலாந்தில் மைதானத்தின் ஒரு பக்கத்துப் பெயரே ஒரு சமூகத்தின் பெயராகிவிடுவது வழக்கம். லிவர்பூலுக்கு ‘கோப்’ எப்படியோ, இங்கே வெஸ்ட் பிளாக் அப்படி. மைதானம் கண்டீரவாவுக்கு மாறியது, பெயர் கூடவே போனது.

2016 அக்டோபர் 19 அந்தக் கிளப்பின் பெரிய இரவு. ஏஎஃப்சி கோப்பை அரையிறுதி, கண்டீரவா. எதிரே நடப்புச் சாம்பியன், மலேசியாவின் ஜோகூர். பதினொன்றாவது நிமிடத்திலேயே ஜோகூர் கோல். ஓடுபாதைக்கு அப்பால் தூரத்தில் உட்கார வைக்கும் மைதானம் கண்டீரவா. அங்கே சத்தம் ஆட்டக்காரரைத் தொட வேண்டுமென்றால் கூட்டம் இரட்டிப்பாகக் கத்த வேண்டும். கத்தினார்கள். 41ஆவது நிமிடத்தில் யூஜின்சன் லிங்டோவின் கார்னரில் சுனில் சேத்ரி தலையால் முட்டினார். 67இல் பெட்டிக்கு வெளியிலிருந்து சேத்ரி அடித்த பந்து வளைந்து உள்ளே போனது. 75இல் ஹுவானன். மூன்றுக்கு ஒன்று. ஆசியக் கோப்பை ஒன்றின் இறுதிக்குப் போன முதல் இந்தியக் கிளப். தோஹாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் ஒரு கோலில் தோற்றார்கள் என்றாலும் அந்த 67ஆவது நிமிடத்தை வெஸ்ட் பிளாக் மறக்கவில்லை. வளர்ந்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறது. பெங்களூரின் ஒரு கோலுக்குக் கடைசியில் வீடு கிடைத்தது.

அந்த வீட்டின் கதவு 2013இல்தான் திறக்கிறது என்பதே மனதை உறுத்துகிறது. டாகன்ஹாமின் சின்னக் கிளப் இல்ஃபோர்டின் 1929ஐத் தன் முன்னோர் சொத்தாகச் சொல்லிக்கொள்கிறது. பெங்களூரு எஃப்சி மைதானத்தில் பாடும் இளைஞர்கள் 1937ஐயும் 1948ஐயும் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டால் தடுப்பவர் யார்? சட்டப்படியான இணைப்பு எதுவும் தேவையில்லை. வெஸ்ட் பிளாக்கில் ஒரு பதாகையில் ராமன் முகத்தை எழுதி, எழுபதாவது நிமிடத்தில் தூக்கிப் பிடித்தால் போதும். கௌதமபுரம் யாரிடம் அனுமதி கேட்டுப் பெலேயைத் தன் ஆளாக்கிக்கொண்டது?

2023 மார்ச்சில் இரண்டு இரவுகள் அடுத்தடுத்து வந்தன.

மார்ச் 3, கண்டீரவா. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நாக்-அவுட்டில் பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும். கோலில்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போனது ஆட்டம். மாற்று ஆளாக இறங்கியிருந்த சேத்ரிக்கு 96ஆவது நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரளத்து ஆட்டக்காரர்கள் சுவர் கட்டி முடிப்பதற்குள், கோலி கம்பம் பிடித்து நிற்பதற்குள், பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கோல் என்றார். கேரளத்துப் பயிற்சியாளர் தன் அணியை மைதானத்தைவிட்டு வெளியே கூப்பிட்டுவிட்டார். ஆட்டம் திரும்பத் தொடங்கவேயில்லை. நாடு முழுக்க அன்று ராத்திரி வாதம்தான். சரியா, தப்பா, விதி என்ன சொல்கிறது, நடுவர் விசில் ஊதினாரா.

மார்ச் 4, ரியாத். சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம் முதன்முறையாக வெளிநாட்டில். கர்நாடகமும் மேகாலயாவும். பெங்களூர் உள்ளூர் லீகில் ஆடிப் பழகிய பையன்கள். கர்நாடகம் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. கர்நாடகத்தின் மூன்றாவது கோல் இடைவேளைக்குச் சற்று முன் ராபின் யாதவ் அடித்த ஃப்ரீ கிக். ஐம்பத்துநான்கு வருடம் கழித்து, மைசூர் என்ற பெயரில் 1969இல் கடைசியாகப் பார்த்த கோப்பை, கர்நாடகம் என்ற பெயரில் முதன்முறையாக ஊர் திரும்பியது. அந்த ஃப்ரீ கிக்கைப் பற்றி யாரும் வாதம் செய்யவில்லை. முதல் நாள் இரவின் சத்தம் இன்னும் ஓயவில்லை.

அந்த வாரமும் கௌதமபுரத்தில் மாலை ஐந்தரைக்குப் பையன்கள் இறங்கியிருப்பார்கள். இரண்டு செருப்பு வைத்தால் கோல். சுவர் கட்டி முடிக்கும் முன்னால் ஒருத்தன் ஃப்ரீ கிக்கை அடித்திருப்பான், கோலி சண்டைக்கு வந்திருப்பான். “நான் ரெடியே ஆகல மச்சா, கோல் இல்லடா அது.” அடித்தவன் விட்டுக்கொடுத்திருக்க மாட்டான்.